டைனோசரின் பேனும் வாக்கியத்தின் வாலும்

எனது மேசை இலாச்சியில் ஒரு பத்திரிகை நறுக்கு இருக்கிறது. 2019 டிசம்பரில் நான் எழுதிய செய்திக்கட்டுரை அது. வாரவெளியீட்டின் உட்பக்கமொன்றில், அரைப்பக்க அளவில், வண்ணப்படத்துடன் வெளிவந்தது. 'டைனோசர்களை வதைத்த பேன்கள் கண்டுபிடிப்பு' என்பது அதன் தலைப்பு. தலைப்பை இட்டவனும் நான்தான். உதவி ஆசிரியர் மீதோ பக்கம் வடிவமைத்தவர் மீதோ பழியைப் போட வழியில்லை.

கலைப்பட்டதாரியான எனக்கு விஞ்ஞானச் செய்திகளில் எப்போதும் ஒரு மயக்கம் உண்டு. அரசியல்வாதிகளின் அறிக்கைகளையும் அவற்றுக்கான மறுப்பறிக்கைகளையும் வருடக்கணக்காக எழுதிக் களைத்தவனுக்கு, பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நடந்த சங்கதி ஒரு குளிர்ந்த நிழலைப் போன்றது. அங்கே எவரும் தொலைபேசியில் அழைத்து மிரட்டப்போவதில்லை. மறுப்பு வராது என்ற துணிவும் அதில் கலந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

செய்தி இதுதான். மியன்மாரின் வடபகுதியில் கிடைத்த அம்பர் துண்டுகள் இரண்டில், அதாவது இறுகிக் கல்லாகிப்போன மரப்பிசினில், இறகுகள் அகப்பட்டிருந்தன. அவற்றோடு கண்ணுக்கு எளிதில் தெரியாத பத்துச் சிறு பூச்சிகளும் இருந்தன. ஏறத்தாழ 99 மில்லியன் ஆண்டுகள் பழைமையானவை. பீஜிங்கின் தலைநகர் சாதாரணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் அவர்களுடைய வெளிநாட்டுச் சகபாடிகளும் அவற்றுக்கு 'மீசோப்திரஸ் எங்கெலி' என்று பெயரிட்டு, 'நேச்சர் கொமியூனிகேஷன்ஸ்' என்னும் ஆய்விதழில் எழுதியிருந்தனர். ஓர் இறகில் கடித்துத் தின்னப்பட்டதைப் போன்ற சேதம் காணப்பட்டது. ஆகவே இறகுள்ள டைனோசர்களின் உடலில் வாழ்ந்து இறகைத் தின்ற, பேனை ஒத்த பூச்சிகள் இவை என்பது அவர்களின் முடிவு. 'ப்திர்' என்பது கிரேக்க மொழியில் பேனைக் குறிக்கும் சொல்லின் வேர். பெயரிலேயே பேன் குடியேறிவிட்டது.

உலகின் பெரிய செய்தி நிறுவனங்கள் எல்லாம் இதைத் தூக்கிப் பிடித்தன. நானும் பிடித்தேன்.

2023இல் எனக்கொரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கும் ஒரு மாணவி. அவர் பாடசாலையில் இருந்த காலத்தில், வன்னியில் ஒரு விஞ்ஞான ஆசிரியை எனது கட்டுரையை வெட்டி வகுப்பறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தாராம். அந்த நறுக்கைப் பார்த்துத்தான் தமக்கு இத்துறையில் ஆர்வம் பிறந்ததாக முதற்பந்தியில் எழுதியிருந்தார். வாசித்து மகிழ்ந்தேன். இரண்டாம் பந்தி ஒரே வரிதான்: "ஐயா, நீங்கள் எழுதிய பேன், பேன் இல்லையாம். தெரியுமா?"

எனக்குத் தெரியாது. தேடிப் பார்த்தேன். 2021ஆம் ஆண்டிலேயே, அதே ஆய்விதழில், நியூயோர்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலையைச் சேர்ந்த டேவிட் கிரிமால்டி என்பவரும் இசபெல் வியா என்பவரும் மறுப்பொன்றை எழுதியிருக்கிறார்கள். இந்தப் பூச்சிகள் டைனோசரின் ஒட்டுண்ணிகளே அல்ல; இவை செதிற்பூச்சிகளின் குஞ்சுகள் என்பது அவர்களின் வாதம். செதிற்பூச்சி நமக்குப் புதியதன்று. மாவிலையின் அடியிலும் கொய்யாக் கிளையிலும் தேமல் போல ஒட்டிக்கிடந்து சாற்றை உறிஞ்சுமே, அந்த இனம். முட்டையிலிருந்து வெளிவந்த முதற்பருவத்தில் மட்டும் அதற்கு ஓடித்திரியக் கால் உண்டு. புது இடம் தேடி ஊர்ந்து செல்லும். காற்றில் அள்ளுண்டு போகும். பறவையின் இறகில் தொற்றியும் பயணிக்கும். ஊர்ந்து திரியும் அப்பருவத்தின் உடலமைப்போடு மீசோப்திரஸ் பொருந்துகிறது என்று அவர்கள் காட்டியிருந்தனர். மரத்தில் வாழும் பூச்சி. மரத்திலிருந்து வடிந்த பிசின். அப்பிசினில் வந்து ஒட்டிய ஓர் இறகு. டைனோசர் அந்தப் பக்கமாகப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

பூச்சிகளின் உடல் நீளம் மில்லிமீற்றரின் ஐந்தில் ஒரு பங்கு அளவே. இவ்வளவு சிறிய பேனா என்று எழுதும்போது எனக்கே ஒரு கணம் தோன்றியது நினைவிருக்கிறது. தோன்றிய ஐயத்தை அப்படியே விழுங்கிவிட்டேன்.

நறுக்கை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். நாலு வரித் திருத்தம் போட இடம் தரும்படி கேட்டேன். செய்திப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் என்னிலும் இருபது வயது இளையவர், நல்ல பிள்ளை. சிரித்துவிட்டார். "அண்ணை, மந்திரிமார் கேட்கிற திருத்தத்துக்கே இடமில்லை. நூறு மில்லியன் வருசத்துப் பேனுக்கும் திருத்தமோ? ஆர் வழக்குப் போடப் போகினம்?" என்றார். நியாயமான கேள்விதான். வழக்குப் போட எவரும் இல்லை. அதனால்தான் திருத்தம் போடவேண்டும் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. பக்கம் முடிக்கும் நேரம். திருத்தம் வரவேயில்லை. அங்கே கிடைக்காத இடத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

என் கட்டுரையை மீண்டும் வாசித்தபோது ஒன்று தெரிந்தது. உள்ளே நான் பிழையாக எழுதியிருக்கவில்லை. 'இறகுகளை இப்பூச்சிகள் உண்டிருக்கக்கூடும் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்' என்றுதான் இருக்கிறது. பிழை முழுவதும் தலைப்பில். தமிழில் ஐயம் வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. கூடும், போலும், எனப்படுகிறது, எனக் கருதப்படுகிறது: யாவும் வினைமுற்றுக்குப் பின்னால் தொங்குபவை. தலைப்புக்கு இடம் போதாவிட்டால் முதலில் வெட்டப்படுவது வால். அதற்கும் மேலாக, தலைப்பு எழுதுபவனுக்கு மிகப் பிடித்தமானது பெயரெச்சம். 'உண்ட பூச்சிகள்', 'வதைத்த பேன்கள்'. பெயரெச்சத்தில் ஐயத்துக்கு இடமே இல்லை. 'உண்டிருக்கக்கூடிய பூச்சிகள்' என்று எழுதலாம். ஆனால் முப்பது ஆண்டுகளில் அப்படியொரு தலைப்பை நான் எழுதியதில்லை, பிறர் எழுதிக் கண்டதுமில்லை. பொலிஸ் செய்திகளிலும் இதேதான் நடக்கிறது. 'கொலை செய்ததாகச் சந்தேகிக்கப்படுபவர் கைது' என்பது 'கொலையாளி கைது' ஆகிவிடும். அங்கே பாதிக்கப்பட்டவர் சட்டத்தரணியோடு வருவார். பூச்சிக்குச் சட்டத்தரணி இல்லை.

டைனோசர்களின் உடலில் ஒட்டுண்ணிகள் இருந்தனவா என்ற வினாவின் வரலாறே இத்தகைய வால்வெட்டுகளின் வரலாறு என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வரலாறு சுவையானது. மாணவியின் மின்னஞ்சலுக்குப் பின்னர் சில மாதங்களாக அதைத் தேடித்தேடி வாசித்தேன்.

2012இன் தொடக்கத்தில் பெரும் பரபரப்பை உண்டாக்கியவை தெள்ளுகள். சீனாவின் உள்மொங்கோலியாவில் தாவோஹுகோ என்ற இடத்தில், ஏறத்தாழ 165 மில்லியன் ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைப்படைகளிலிருந்தும், லியாவோனிங் மாகாணத்தில் சுமார் 125 மில்லியன் ஆண்டுகளுக்கு முற்பட்ட படைகளிலிருந்தும் இவை கிடைத்தன. ஹுவாங் தியிங், மைக்கல் எங்கெல் முதலியோர் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். காவோ தைப்பிங் குழுவினர் 'கரண்ட் பயோலொஜி' இதழில் எழுதினார்கள். இன்றைய நாய்த்தெள்ளு இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான் இருக்கும். அந்தப் பழந்தெள்ளுகளிலோ பெண்பூச்சிகள் இரண்டு சென்ரிமீற்றரை எட்டியவை. உடல் தட்டை, சிறகில்லை, பற்றிக்கொள்ள வளைந்த நகங்கள், தோலை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கக்கூடிய, வாள்போலப் பற்கள் கொண்ட நீண்ட உறிஞ்சுகுழல். இன்றைய தெள்ளைப் போலத் துள்ளும் பின்கால்கள் மட்டும் அவற்றுக்கு இல்லை. அம்பர் ஆய்வில் மூத்தவரான ஜோர்ஜ் பொய்னர், இவை கடித்திருந்தால் ஊசி ஏற்றியதுபோல வலித்திருக்கும் என்ற கருத்துப்படச் சொன்னார். அந்த ஊசி உலகமெங்கும் தலைப்பாயிற்று.

இவ்வளவு பெரிய குழலை வைத்துக்கொண்டு அப்பூச்சி மலரில் தேன் குடித்திருக்க முடியாது என்பது நியாயம். தடித்த தோலைக் குடைவதற்கே அது உதவியிருக்கும். அதே பாறைப்படைகளில் இறகுள்ள டைனோசர்கள் கிடைத்திருக்கின்றன என்பதும் உண்மை. லியாவோனிங்கில் கிடைத்த சைனோசோரொப்டெரிக்ஸ் 1996இல் உலகையே வியக்கவைத்தது. ஆனால் அதே படைகளில் உரோமமுள்ள முலையூட்டிகளும் கிடைத்திருக்கின்றன. நீர்நாயைப் போல நீந்தித் திரிந்த காஸ்டரோகோடா என்ற விலங்கு தாவோஹுகோவைச் சேர்ந்ததுதான். தெள்ளு எதன் உடம்பில் இருந்தது? எந்த டைனோசரின் எலும்போடும் அது ஒட்டியிருக்கக் காணப்படவில்லை. அதன் வயிற்றில் எவருடைய இரத்தமும் கண்டறியப்படவில்லை. காவோ குழுவினரின் கட்டுரைத் தலைப்பு மிகக் கவனமானது: 'இறகு அல்லது உரோமம் கொண்ட முள்ளந்தண்டுளிகளின்' ஒட்டுண்ணிகள் என்றே அவர்கள் இட்டிருந்தனர். அந்த 'அல்லது' எங்கள் மேசைகளுக்கு வந்துசேரவில்லை. வழியில் எங்கோ விழுந்துவிட்டது. இவை இன்றைய தெள்ளுகளின் முன்னோர்தானா என்பதே பின்னர் விவாதத்துக்குள்ளானது தனிக்கதை.

இதைவிட ஆழமான பாடம் ஸ்ட்ராஷிலா என்ற பூச்சியினுடையது. 1992இல் ரஷ்யப் பூச்சியியலாளர் அலெக்ஸாண்டர் ரஸ்னிட்சின், சைபீரியாவில் கிடைத்த ஜுராசிக் காலப் பூச்சியொன்றை விவரித்தார். இடுக்கி போன்ற பிரமாண்டமான பின்கால்கள்; பார்க்கவே அச்சமூட்டும் தோற்றம். பறக்கும் ஊர்வனவான டெரோசோர்களின் சிறகுத்தோலைப் பற்றிக்கொண்டு இரத்தம் குடித்த ஒட்டுண்ணியாக அது கருதப்பட்டது. இருபது ஆண்டுகள் அப்படியே நின்றது. 2013இல் தாவோஹுகோவிலிருந்து நல்ல நிலையில் பல மாதிரிகள் வெளிவந்தன. அவற்றிற்குச் சிறகுகள் இருந்தன. வயிற்றின் பக்கங்களில், மீனின் செவுளைப் போல, நீரில் சுவாசிக்கும் உறுப்புகள் இருந்தன. அந்தப் பயங்கரப் பின்கால்கள் ஆணுக்கு மட்டுமே உரியவை. ஆணும் பெண்ணும் புணர்ந்த நிலையிலேயே கல்லாகிய சோடிகளும் கிடைத்தன. ஆக, அது டெரோசோரின் குருதியைக் குடித்த அரக்கனல்ல. ஓடைநீரில் வாழ்ந்து, இனம்பெருக்கி மடிந்த ஓர் அப்பாவி ஈயினம். அந்த 2013ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதியவர்களுள் ஹுவாங்கும் எங்கெலும் இருந்தனர். தெள்ளுச் செய்தியைக் கொடுத்த அதே இருவர், மறு ஆண்டே இன்னொரு ஒட்டுண்ணியின் பட்டத்தைப் பறித்தனர். என் நறுக்கில் உள்ள 'எங்கெலி' என்ற பெயரும் அந்த எங்கெலைக் கௌரவிக்க இடப்பட்டதுதான்.

டெரோசோர் அரக்கன் பற்றிய செய்தி சிறுவர் நூல்களிலெல்லாம் புகுந்தது. ஓடை ஈயைப் பற்றி எத்தனை பேர் எழுதினோம்?

'ஜுராசிக் பார்க்' படத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. எங்கள் தலைமுறைக்கு அம்பர் என்ற பொருளே அந்தப் படத்தின் வழியாகத்தான் அறிமுகம். டைனோசரைக் கடித்த நுளம்பு பிசினில் அகப்பட, அதன் வயிற்று இரத்தத்திலிருந்து டைனோசரை மீட்டெடுப்பது கதை. படம் 1993 ஜூனில் திரைக்கு வந்தது. அதே வாரத்தில் 'நேச்சர்' இதழில், லெபனான் அம்பரில் கிடைத்த, 120 மில்லியன் ஆண்டுகளுக்கும் மேலான வண்டொன்றிலிருந்து டி.என்.ஏ. எடுக்கப்பட்டதாகக் கட்டுரையொன்று வெளியானது. எப்பேர்ப்பட்ட பொருத்தம்! நான் அப்போது துறைக்கு வந்த புதிது; அதைப் பற்றி அலுவலகத்தில் வாய்ப்பந்தல் போட்டது நினைவிருக்கிறது. 1997இல் லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையினர் அம்பர்ப் பூச்சிகளில் அந்தச் சோதனைகளைத் திரும்பச் செய்துபார்த்து, பழைய டி.என்.ஏ. எதையும் காணமுடியவில்லை என்று அறிவித்தனர். அச்செய்தி எமது பத்திரிகையில் வந்ததாக எனக்கு நினைவில்லை. படத்தில் அம்பர் எடுக்கப்படுவதாகக் காட்டும் டொமினிக்கன் குடியரசின் அம்பர், டைனோசர்கள் அழிந்து நாற்பது மில்லியன் ஆண்டுகளுக்கும் மேலாகிய பின்னர் உருவானது என்பதை வேண்டுமானால் சினிமாவுக்குரிய சலுகையாக விட்டுவிடலாம். வயிறுநிறைய இரத்தத்தோடு உயிர்ச்சுவடான நுளம்பு ஒன்று உண்மையாகவே கிடைத்திருக்கிறது. அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்தில், 2013இல் அறிவிக்கப்பட்டது. அம்பரில் அல்ல, பாறையில். வயது 46 மில்லியன் ஆண்டுகள். டைனோசர்கள் மறைந்ததோ 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு. நுளம்பு இருபது மில்லியன் ஆண்டுகள் தாமதமாக வந்துவிட்டது.

அப்படியானால் டைனோசர்களுக்கு அரிப்பே எடுத்ததில்லையா? எடுத்திருக்கும். சான்றுகளும் இருக்கின்றன. நல்ல சான்று எப்படி இருக்கும் என்பதற்கு, பூச்சி இனத்தைச் சேராத உண்ணியையே உதாரணம் காட்டவேண்டியிருக்கிறது. உண்ணிக்கு எட்டுக் கால். அது சிலந்தியின் உறவு. 2017இல் ஸ்பானிய ஆய்வாளர் என்ரிக் பெனால்வர் தலைமையிலான குழு, மியன்மார் அம்பரில் ஓர் இறகைப் பற்றிப் பிடித்தபடி இருக்கும் உண்ணியொன்றைக் காட்டியது. இறகும் உண்ணியும் ஒன்றுக்கொன்று அருகில் கிடந்தன என்பதல்ல. கால் இறகின் இழையோடு பின்னிக் கிடந்தது. அந்த இறகு இன்றைய பறவைகளின் வகையைச் சேர்ந்ததாக இருக்க முடியாது, காலம் அதற்கு முந்தியது என்பது அவர்களின் கணிப்பு. கூடவே 'டெய்னோகுரோட்டன் டிராகுலி' என்ற புதிய உண்ணியினத்தையும் அறிவித்தார்கள். 'டெய்னோஸ்' என்றால் பயங்கரம். டைனோசரின் பெயரில் உள்ள அதே சொல். டிராகுலா பிரபுவை யாவரும் அறிவர். அவற்றுள் ஓர் உண்ணி இரத்தம் குடித்துப் பலமடங்கு ஊதியிருந்தது. அது பிசினுக்குள் முழுமையாக அமிழாததால் வெளிக் கனிமங்கள் கலந்துவிட்டன, இரத்தம் யாருடையதென்று சோதிக்க இயலாது என்று அவர்களே எழுதினார்கள். இன்னும் இரண்டு உண்ணிகளின் மேல், கூடுகளில் வாழும் வண்டுக் குடம்பிகளின் நுண்மயிர்கள் ஒட்டியிருந்தன. ஆகவே அவை இறகுள்ள டைனோசர்களின் கூட்டில் வாழ்ந்திருக்கக்கூடும். இந்தக் 'கூடும்' எவ்வளவு மரியாதையோடு வந்து நிற்கிறது பாருங்கள். முன்னால் படிப்படியாக நியாயம் வைக்கப்பட்டிருப்பதால், அதைக் கேட்டு எவருக்கும் ஏமாற்றம் உண்டாவதில்லை.

2023இல் அதே பெனால்வர் குழுவினர் ஸ்பெயின் அம்பரிலிருந்து, சுமார் 105 மில்லியன் ஆண்டுகளுக்கு முந்தியவொன்றைக் கொண்டுவந்தனர்: இறகுத் துணுக்குகளுக்கு நடுவே வண்டுக் குடம்பிகள் கழற்றிவிட்ட சட்டைகள். அவை உதிர்ந்த இறகுகளைத் தின்று வாழ்ந்தவை என்றும், டைனோசருக்குத் தீங்கு செய்ததற்குச் சான்றில்லை என்றும் எழுதினார்கள். ஒட்டுண்ணி என்று எழுதியிருந்தால் உலகம் இன்னும் சத்தமாகக் கைதட்டியிருக்கும். அவர்கள் எழுதவில்லை.

சரி, பேன்? பேனின் உயிர்ச்சுவடுகள் மிக அரிது. ஜேர்மனியின் எக்ஃபெல்ட் என்னுமிடத்தில், 44 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பிருந்த ஏரிப் படிவிலிருந்து பறவைப்பேன் ஒன்று கிடைத்தது, 2004இல் அறிவித்தார்கள். அதன் குடலில் இறகுத் துணுக்குகள் இருந்தன. தான் என்ன தின்றேன் என்பதற்கு அதுவே சாட்சி சொல்லிவிட்டது. அதற்கு முந்திய காலத்துக்கு, இன்றைய பேன்களின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பின்னோக்கிக் கணக்கிடுவதே வழி. வின்சென்ட் ஸ்மித், கெவின் ஜோன்சன் முதலியோர் 2011இல் 'பயோலொஜி லெட்டர்ஸ்' இதழில் அவ்வாறு கணக்கிட்டு, பேன்களின் பல கிளைகள் டைனோசர்களின் அழிவுக்கு முன்பே தோன்றிவிட்டன என்றனர். இறகுள்ள டைனோசர்களில் பேன் இருந்திருக்கலாம் என்ற கருத்துக்கு அது வலுவூட்டியது. 2018இல் அதே இதழில், மிகப் பெருந்தொகை மரபணுக்களை வைத்துச் செய்த புதிய கணக்கு வந்தது: பறவைப்பேன்களும் முலையூட்டிப் பேன்களும் பல்கிப் பெருகியது டைனோசர்களின் அழிவுக்குப் பின்னர்தான் என்று அது கூறியது. அதன் முதன்மை ஆசிரியர் யார் தெரியுமா? அதே கெவின் ஜோன்சன். தன் பெயர் தாங்கிய முடிவுக்கு எதிரான முடிவைத் தன் பெயரிலேயே, அதே இதழில் அச்சேற்றியிருக்கிறார். இத்தகைய ஒன்றை எங்கள் தொழிலில் நான் அதிகம் கண்டதில்லை. எங்களில் எவரேனும் ஏழு ஆண்டுகளுக்குப் பின் தன் ஆசிரியத் தலையங்கத்தை மறுத்துத் தானே தலையங்கம் எழுதியதுண்டா?

ஒரு சிறிய ஆறுதல் எனக்கு இருக்கிறது. பறவைகள் டைனோசர்களின் ஒரு கிளை என்பதை இன்று உயிரியலாளர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். சிறுவயதில் எங்கள் வீட்டில் அடைக்கு வைத்த கோழியைக் கூட்டிலிருந்து தூக்கினால், முழங்கைவரை நுணுக்கமாக எதுவோ ஊரும். அம்மா சாம்பலை அள்ளிக் கூட்டுக்குள் தூவுவார். பிறகு கிணற்றடிக்குப் போய்க் கைகளைத் தேய்த்துக் கழுவுவார். அந்தக் கோழி கூர்ப்பின் கணக்கில் ஒரு டைனோசர். அதில் ஊர்ந்த பேன் டைனோசரின் பேன். 'டைனோசர்களை வதைக்கும் பேன்கள்' என்று நிகழ்காலத்தில் தலைப்பிட்டிருந்தால் எவரும் என்னைப் பிழை பிடித்திருக்க முடியாது. ஆனால் எந்த ஆசிரியரும் கோழிப்பேனுக்கு அரைப்பக்கம் தரமாட்டார்.

இன்னொன்றையும் எழுதவேண்டும். இதுவும் அந்தக் கட்டுரையில் நான் எழுதாமல் விட்டதுதான். 'மியன்மாரின் வடபகுதியில் கிடைத்த அம்பர்' என்று ஒரு தொடரில் கடந்து போயிருந்தேன். அந்த வடபகுதி, கச்சின் மாநிலத்தின் ஹுகாவுங் பள்ளத்தாக்கு. 1994 முதல் பதினேழு ஆண்டுகள் நீடித்த போர்நிறுத்தம் 2011இல் முறிந்து, கச்சின் போராளிகளுக்கும் இராணுவத்துக்கும் இடையே மீண்டும் சண்டை மூண்ட இடம். 2017 ஜூனில் இராணுவம் அம்பர் அகழும் பகுதிகளைக் கைப்பற்ற நடவடிக்கையில் இறங்கியது. கிராமங்களிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஆபத்தான ஒடுங்கிய குழிகளில் இறங்கித் தோண்டியெடுத்த அம்பர், எல்லை கடந்து சீனாவின் தெங்சோங் சந்தைக்குப் போய், அங்கிருந்து ஆய்வுகூடங்களுக்குப் போனது. எனது கட்டுரை வெளியான அதே 2019இல்தான் அமெரிக்காவின் 'சயன்ஸ்' இதழும் வேறு பல ஊடகங்களும் இதை விரிவாக எழுதின. 2020இல் முள்ளந்தண்டுளித் தொல்லுயிரியல் சங்கம், 2017 ஜூனுக்குப் பின் பெறப்பட்ட மியன்மார் அம்பரை அடிப்படையாகக் கொண்ட கட்டுரைகளை வெளியிட வேண்டாமென ஆய்விதழ்களின் ஆசிரியர்களைக் கேட்டுக் கடிதம் எழுதியது. 2021 பெப்ரவரி ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பின் நாடு முழுவதுமே போர்க்களமானது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தோண்டியெடுக்கப்பட்ட துண்டை ஆய்வாளன் வாங்காவிட்டால் நகைக்காரன் வாங்குவான். அறுத்துத் தேய்த்து மாலையாக்குவான். உள்ளே இருந்த சான்று ஒழிந்துபோகும் என்பார்கள். ஆபரணச் சந்தையின் பணத்தோடு ஒப்பிட்டால் ஆய்வாளர் கொடுக்கும் பணம் சொற்பம் என்றும் சொல்வார்கள். அந்த வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. ஆனாலும் மியன்மார் அம்பரைப் பற்றி வெளிவந்த ஆய்வுகளில் மியன்மார்க்காரரின் பெயர் காண்பது அரிதாக இருக்கிறது என்பதைப் பார்க்கும்போது மனம் ஒப்பவில்லை. போரின்போது எமது மண்ணிலிருந்து போன செய்திகளில் எமது பெயர் எவ்வாறு இருந்தது, எவ்வாறு இல்லாமற்போனது என்பதை அறிந்தவன் நான். தடை விதிப்பதா இல்லையா என்பது ஆய்விதழ்களின் விடயம். எங்கள் விடயம் வேறு. ஒரு பூச்சியின் வயது 99 மில்லியன் ஆண்டுகள் என்று துல்லியமாக எழுதும் நாங்கள், அதைத் தோண்டியவன் எந்த நிலையில் தோண்டினான் என்பதற்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கவேண்டும். என் கட்டுரையில் டைனோசருக்கு எடுத்த அரிப்புக்கு மூன்று பந்திகள் இருக்கின்றன. ஹுகாவுங் மக்களுக்கு ஒரு சொல்கூட இல்லை.

மாணவிக்குப் பதில் எழுத எனக்கு இரண்டு வாரங்கள் பிடித்தன. திருத்தத்தை நான் எழுதிய வடிவிலேயே இணைத்து அனுப்பினேன். 2019 டிசம்பரில் வெளியான கட்டுரையில் பேன்கள் எனக் குறிப்பிட்டவை செதிற்பூச்சிகளின் குஞ்சுகள் என 2021இல் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது, தலைப்பு ஐயத்தை மறைத்தது, தவறு என்னுடையது. பெயரிடும் விதிகளின்படி முதலில் இட்ட பெயரே நிலைக்கும் என்பதால், அந்தச் செதிற்பூச்சி இனியும் மீசோப்திரஸ் என்றே அழைக்கப்படும், பேன் அல்லாத அதன் பெயரில் பேன் இருந்துகொண்டேயிருக்கும் என்பதையும் சேர்த்து எழுதினேன்.

மறுநாளே பதில் வந்தது. தமது பழைய ஆசிரியைக்கு அதை அனுப்பிவிட்டாராம். ஆசிரியை சுவரிலிருந்த நறுக்கைக் கழற்றவில்லை. திருத்தத்தை அச்சிட்டு அதன் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறார். படமும் அனுப்பியிருந்தார்கள். ஆண்டுக்கணக்கான வெயிலில் நறுக்கு பழுப்பேறி, வண்ணப்படம் வெளிறிக் கிடக்கிறது. தலைப்பின் எழுத்துக்கள் மட்டும் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கின்றன.